கோபம் செலவாகும் இடம்

1946 ஆகஸ்டு 12 அன்று தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாளொன்றுக்குப் பத்து ஷில்லிங் கூலி வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. ஒரு வாரத்துக்குள் போலீஸ் அந்தப் போராட்டத்தை அடித்து நொறுக்கியது. அரசுக் கணக்கின்படியே ஒன்பது பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று மைசூர் சமஸ்தானத்தின் கோலார் தங்கவயலில் போலீஸ் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். இவர்களும் தங்கம் தோண்டியவர்கள்தான். இவர்களுடைய நிர்வாகம் லண்டனில் இருந்தது. இதே மாதங்களில், பிறந்து ஓராண்டே ஆகியிருந்த ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியா தென்னாப்பிரிக்காவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. விஜயலட்சுமி பண்டிட்டின் தலைமையில் சென்ற குழு, அங்கே வாழும் இந்தியர்கள் இனத்தின் பேரால் இழிவுபடுத்தப்படுவதை உலகத்தின் முன்னால் வைத்தது. டிசம்பர் 8 அன்று பொதுச்சபை அதை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவு 32, எதிர்ப்பு 15. தீர்மானம் பேசியது தென்னாப்பிரிக்க இந்தியர்களைப் பற்றி. ஆகஸ்டில் சுடப்பட்ட கறுப்பினச் சுரங்கத் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. நவம்பரில் தங்கவயலில் சுடப்பட்டவர்களுக்கும் அதில் இடமில்லை.

இந்தியா அன்று செய்தது சரியான காரியம். துணிச்சலான காரியமும்கூட. சுதந்திரம் இன்னும் கைக்கு வராத ஒரு நாடு, தன் ஏற்றுமதியில் கணிசமான பங்கை இழக்கத் துணிந்து தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தை அந்த ஆண்டே முறித்துக்கொண்டது. வாயால் மட்டும் கோபப்படவில்லை, கைப்பொருளையும் கொடுத்தது. அப்படிக் கொடுக்கத் தயாராக இருந்த தேசம் தன் வீட்டிலேயே நடந்த துப்பாக்கிச் சூட்டின்மேல் ஏன் கண் வைக்கவில்லை என்பதுதான் விளங்கிக்கொள்ள வேண்டியது. மனிதர்கள் தொலைவில் உள்ளவர்களை மறந்து அருகில் உள்ளவர்களுக்கு இரங்குவார்கள் என்பது வழக்கமான விளக்கம். 1946இல் நடந்தது அதற்கு நேர்மாறு. ஜோகன்னஸ்பர்க் நெருங்கிவந்தது, பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டரில் இருந்த தங்கவயல் விலகிப்போனது. துயரத்தின் அளவோ தொலைவோ நம் கோபத்தை அளப்பதில்லை என்றே எனக்குப் படுகிறது. அந்தத் துயரத்தை ஒப்புக்கொண்டால் நம்முடைய எந்த ஏற்பாட்டைக் கலைக்க வேண்டிவரும் என்பதே அதை அளக்கிறது. தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான கோபத்துக்கு வணிகத்தை விலையாகக் கொடுத்தால் போதும். தங்கவயலுக்காகக் கோபப்பட்டிருந்தால் சாதியை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

தங்கவயலின் கதை சிலருக்குத் திரைப்படங்கள் வழியாகத்தான் தெரியும் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் 1880இல் அங்கே காலூன்றியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து ஆள் திரட்டப்பட்டது. வந்தவர்களில் பெரும்பாலானோர் தமிழ் பேசும் தலித் மக்கள். 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் சுரங்கத்துக்கு வந்துசேர்ந்தது. பெங்களூர் தெருக்களுக்கு விளக்கு வருவதற்கு மூன்றாண்டு முன்பே. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் அறுபது டிகிரியைத் தாண்டும். மேலே கிடந்த பாறையின் எடை தாங்காமல் குடைந்த இடங்கள் திடீரென்று வெடித்துச் சரியும். 120 ஆண்டுகளில் அங்கிருந்து வெளியேறிய தங்கம் ஏறத்தாழ 800 டன். மேலே வெள்ளை அதிகாரிகளுக்குப் பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம். தொழிலாளர்களுக்கு ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, தெருவுக்குப் பொதுக் கழிப்பிடம். நிறத்தின் பேரால் வகுத்த ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க இந்தியக் குழு கப்பல் ஏறியிருக்கத் தேவையில்லை.

1930ஐ எடுத்துக்கொண்டால் இந்தப் பாரபட்சம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. அந்த ஏப்ரலில் தங்கவயலில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஷாஃப்டில் இறங்க மறுத்தார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் சுரங்கங்கள் முடங்கின. கூலி உயர்வு கேட்டுத் தொடங்கிய போராட்டம் அல்ல இது. தொழிலாளர்களின் விரல்ரேகையைப் பதிந்துவைக்கும் முறையை நிர்வாகம் கொண்டுவந்ததுதான் காரணம். தங்கம் திருடுகிறவன் என்ற சந்தேகத்திலேயே ஒவ்வொரு ஷிப்டு முடிவிலும் உடல் சோதனைக்கு உட்பட்டவர்கள், குற்றவாளியைப் போலக் கைநாட்டு வைக்க மாட்டோம் என்றார்கள். இதே விரல்ரேகைக்கு எதிராகத்தான் 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் எம்பயர் தியேட்டரில் இந்தியர்கள் கூடி உறுதிமொழி எடுத்தார்கள். சத்தியாகிரகம் பிறந்த நாள் என்று பள்ளிப் பாடங்கள் அந்த நாளைச் சொல்கின்றன. அந்தப் போராட்டத்தின் பிற்கட்டத்தில் சிறை சென்று நோயுற்று 1914இல் இறந்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரைத் தமிழ்நாடு மறக்கவில்லை; மறக்கவும் கூடாது. ஆனால் ஜோகன்னஸ்பர்க்கில் மானத்தின் பெயரால் மறுக்கப்பட்ட அதே ரேகையைத் தங்கவயலின் தமிழன் மறுத்தபோது அது தேசத்தின் மானமாக எண்ணப்படவில்லை. அதே ஏப்ரலில் காந்தி தண்டியில் உப்பு எடுத்தார். ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். இரண்டு நடைகளும் வரலாறாயின. மைசூரின் மண்ணுக்கடியில் நடந்த மறுப்பைத் தொழிலாளர் வரலாற்று ஆய்வாளர்கள் பின்னால் தோண்டியெடுக்க வேண்டியிருந்தது.

காந்திக்கு இந்த முரண் தெரியாமல் இல்லை. 1920இல் யங் இந்தியாவில் எழுதும்போது, நாம் ஒரு சாராரை ஒதுக்கி வைத்தோம், இப்போது பேரரசின் குடியேற்றங்களில் நாம் ஒதுக்கி வைக்கப்படுகிறோம், இது விதைத்ததன் அறுவடை என்ற பொருளில் அவர் சொல்லியிருக்கிறார். அதற்கும் முன்பே அயோத்திதாசப் பண்டிதர் சுதேசிக்காரர்களைப் பார்த்து இதைக் கேட்டுவிட்டார். தன் தெருவில் மனிதனை நுழையவிடாதவனுக்கு வெள்ளைக்காரனிடம் சமத்துவம் கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது என்பதே ‘தமிழன்’ இதழில் அவர் விடாமல் நடத்திய வாதத்தின் சாரம். 1907இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கிய அந்த இதழுக்குத் தங்கவயலில் பெரிய வாசகக் கூட்டம் இருந்தது. தங்கவயலின் மாரிக்குப்பத்தில் அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. பண்டிதர் 1914இல் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1926இல், ஜி. அப்பாதுரையார் அந்த இதழைத் தங்கவயலிலிருந்தே மறுபடி நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை நூல்களை அச்சிட்டது. ஷிப்டு முடித்து வந்தவர்கள் கூடிப் பத்திரிகையை வாசிக்கவைத்துக் கேட்டு, உலக நடப்பை விவாதித்த ஊர் அது. இந்தச் செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால், பொதுவாக நாம் இரங்குவதற்குக் கண்ணீர் வழியும் ஒரு முகம் வேண்டியிருக்கிறது. அமைப்பு கட்டி, இதழ் நடத்தி, மதம் மாறி, ரேகை வைக்க மறுத்து நிற்பவனிடம் இரக்கம் நெருங்கத் தயங்குகிறது. அவனுக்கு வேண்டியது நியாயம். அதைக் கொடுக்க நம்மிடமிருந்து ஏதாவது ஒன்று போக வேண்டும்.

துப்பாக்கிச் சூட்டுக்காவது தேதி உண்டு. தங்கவயலில் மிகுதியான பேரைக் கொன்றதற்குத் தேதியே கிடையாது. தங்கம் இருப்பது படிகக்கல் பாறைக்குள். அதைத் துளையிட்டு வெடிவைக்கும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்கள் இருக்கின்றன. அவை நுரையீரலின் அடி நுண்ணறை வரை போய்ச்சேரும். அவற்றை விழுங்க வரும் உடலின் காவல் செல்கள் விழுங்கியபின் தாமே மடியும். மடிந்த இடத்தில் வடுக் கட்டும். விடுபட்ட துகளை விழுங்க அடுத்த செல் வரும். தூசியை விட்டு வெளியே வந்து பத்தாண்டு ஆன பிறகும் இது நிற்காது. முதலில் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். அப்புறம் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாது. கடைசியில் படுக்கவும் முடியாமல் இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். குணப்படுத்தும் மருந்து கிடையாது. காசநோய் எளிதாக மேலே தொற்றிக்கொள்ளும் என்பதால் சாவுக்குக் காரணம் காசநோய் என்று எழுதிவிடவும் முடியும். 1930 ஆகஸ்டில், தங்கவயல் வேலைநிறுத்தம் நடந்து நான்கு மாதத்தில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஜோகன்னஸ்பர்க்கிலேயே சிலிகோசிஸ் நோய்க்கென்று உலக மாநாடு நடத்தியது. மருத்துவப் பாடநூல்களின்படி, இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானது கோலார் தங்கவயலில், 1947இல் வெளியான ஆய்வில். 7,653 தொழிலாளர்களைச் சோதித்ததில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு நோய் இருந்தது. சுதந்திரம் பெற்ற ஆண்டில் வெளிவந்த இந்த எண் எந்த அரசியல் மேடையையும் உலுக்கியதாகத் தெரியவில்லை. இன்றும் மருத்துவ மாணவர்களின் பாடநூலில் ஒரு வரியாக அது தங்கியிருக்கிறது.

மெதுவாக வரும் சாவு கவனத்தை ஈர்ப்பதில்லை, மனித மனத்தின் இயல்பு அப்படி என்று ஒரு மறுப்பு உண்டு. கிணற்றில் விழுந்த குழந்தைக்காக ஊரே கூடும், ஊட்டமில்லாமல் மெலிந்து சாகும் குழந்தைக்காகக் கூடாது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை. 2018இல் தாய்லாந்துக் குகையில் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் சிக்கியபோது உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நீரை இறைக்க இந்தியாவின் கிர்லோஸ்கர் நிறுவனத்தின் வல்லுநர்களும் அங்கே போனார்கள். அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று மேகாலயாவின் க்சான் பகுதியில் எலிவளைச் சுரங்கமொன்றில் வெள்ளம் புகுந்து பதினைந்து பேராவது சிக்கினார்கள். அதுவும் திடீர் நிகழ்வுதான், அதுவும் நீருக்குள் சிக்கிய உயிர்கள்தான், மீட்கத் தேவைப்பட்டதும் அதே பம்புகள்தான். உயர்திறன் பம்புகள் வந்துசேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஒருவரையும் உயிரோடு மீட்க முடியவில்லை. வேகத்திலும் காட்சியிலும் இரண்டுக்கும் வேறுபாடு குறைவு. க்சான் சுரங்கம் சட்டத்துக்குப் புறம்பானது. பசுமைத் தீர்ப்பாயம் 2014இலேயே தடைசெய்த வகை. அதைப் பற்றி உரக்கப் பேசினால், தடையை மீறி அந்த நிலக்கரியை யார் வாங்கினார்கள், யார் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்ற கேள்வி உள்ளூரிலிருந்து டெல்லிவரை நீளும். தாய்லாந்துச் சிறுவர்களுக்காக நாம் அழுதபோது அப்படி எந்தக் கேள்வியும் நம் பக்கம் திரும்பவில்லை.

கவனமே கிடைக்காததால்தான் தங்கவயல் கைவிடப்பட்டது என்றும் சொல்ல முடியாது. உலகத்தின் கூர்மையான கவனம் அங்கே இருந்தது. மேலே மூடியிருக்கும் பாறை மற்ற கதிர்களைத் தடுத்துவிடும் என்பதால் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் ஜப்பானிய, ஆங்கிலேய அறிவியலாளர்களும் அந்த ஆழத்தில் கருவிகளை நிறுவினார்கள். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடம் உலகில் முதன்முதலாகப் பதிவானவற்றுள் ஒன்று 1965இல் தங்கவயலில் கிடைத்தது. பாறை வெடிப்புகளைப் பற்றிய ஆய்வுகளின் தொடர்ச்சியாக 1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் அங்கேயே எழுந்தது. பெருமைக்குரிய அறிவுதான். அதே ஷாஃப்டில் அதே கூண்டில் இறங்கிய தொழிலாளியின் நுரையீரலைப் பற்றிய அறிவும் 1947இலேயே கையில் இருந்தது. நியூட்ரினோவை அறிந்தால் யாருக்கும் நட்டஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் வேறுபாடு.

இந்த வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு ஒன்றுண்டு; அதை எளிதில் கடந்துபோகக் கூடாது. காசாவுக்காக ஒருவர் கதறும்போது சூடான் எங்கே என்று கேட்பதும், ஈழத்தைப் பேசினால் காஷ்மீர் எங்கே என்று கேட்பதும் பெரும்பாலும் பேசுபவரின் வாயை அடைப்பதற்காகத்தான். 1946இல் ஐநாவிலும் இதுவே நடந்தது. இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று சாசனத்தின் இரண்டாம் பிரிவைக் காட்டிய தென்னாப்பிரிக்கத் தரப்பு, இந்தியாவின் சாதியைச் சுட்டிக்காட்டவும் தயங்கவில்லை. அவர்கள் அதைச் சொன்னது தீண்டாமைக்கு ஆளானவர்கள்மேல் உள்ள அக்கறையால் அல்ல என்பது வெளிப்படை. ஆனால் கெட்ட எண்ணத்தோடு சொன்ன ஒன்று பொய்யாகிவிடாது. அதே 1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐநாவிடம் மனுக் கொடுத்திருப்பதை அறிந்து, அதன் பிரதி கிடைக்குமா என்று கேட்டார். இந்தியாவின் தீண்டப்படாதோரும் அப்படிச் செய்ய எண்ணுவதாகக் குறிப்பிட்டார். டுபாய்ஸ் பரிவோடு பதில் எழுதினார். தென்னாப்பிரிக்கப் பிரதிநிதி சாதியைப் பேசியது ஒரு கோபத்தை அணைப்பதற்கு. அம்பேத்கர் பேசியது அந்தக் கோபத்துக்கு இன்னொரு வாசலைத் திறப்பதற்கு. இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. மறக்கப்பட்டவர்களை நினைவூட்டுகிறவர் அவர்களுக்காக நேற்று என்ன செய்தார், நாளைக்கு என்ன செய்யப்போகிறார் என்று கேட்டால் போதும். நவம்பர் 4 அன்று செத்தவர்களை நான் இங்கே நினைவூட்டுவதால் டிசம்பர் 8 தீர்மானத்தின் எடை ஒரு குன்றிமணிகூடக் குறையாது.

இரக்கம் கொஞ்சம்தான் இருக்கிறது, எல்லோருக்கும் பங்கிட முடியாது, தன் இனத்துக்கு முதலில் என்பது இயற்கை என்று சொல்வோரும் உண்டு. தமிழ்நாட்டில் இதைச் சொல்பவர்கள் தங்கவயலை எந்த இனத்தில் சேர்க்கிறார்கள் என்று தெரிய வேண்டும். 2009இல் முள்ளிவாய்க்காலை உலகம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது என்று நாம் கொண்ட கோபம் முற்றிலும் நியாயமானது. எத்தியோப்பியாவின் டிக்ரேயில் நடந்த போரைப் பற்றி 2022இல் உலக சுகாதார அமைப்பின் தலைவர் டெட்ரோஸ், உக்ரைனுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு துளிகூட இங்கே விழவில்லை, கறுப்பு உயிரையும் வெள்ளை உயிரையும் உலகம் சமமாகப் பார்க்கிறதா என்று கேட்டபோது தமிழர்களுக்கு அந்த வலி உடனே புரிந்தது. ஆனால் 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று அவர்களைக் கேட்காமலேயே பிரித்தபோது, அந்தத் துயரம் பின்னாளின் ஈழக் கோபத்தில் நூற்றில் ஒரு பங்கையும் எழுப்பவில்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களிலும் தங்கவயலுக்குப் போனவர்களிலும் பெரும்பங்கினர் சேரிகளிலிருந்து கிளம்பியவர்கள். 1993இலேயே சட்டம் தடைசெய்த மலம் அள்ளும் வேலை 2011இலும் தங்கவயலின் லைன்களில் நடந்துகொண்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தபோதும் அந்தக் கோபம் எழவில்லை. நம்மிடம் இரக்கம் தீர்ந்துபோயிருந்ததா? அந்த இடத்தில் இரங்கினால் குற்றவாளியாக நிற்கவேண்டியவன் சிங்களவனும் அல்ல, வெள்ளைக்காரனும் அல்ல, கன்னடனும் அல்ல. அதனால்தான் நாம் எதுவும் பேசாமல் இருந்தோம்.

விலையைக் கொடுக்க முடியாது என்பதும் சரியல்ல. தென்னாப்பிரிக்காவில் சிலிகோசிஸ் கண்ட சுரங்கத் தொழிலாளர்கள், லெசோத்தோவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வந்தவர்கள் உட்பட, கூட்டாக வழக்காடினார்கள். ஆறு சுரங்க நிறுவனங்கள் 500 கோடி ரேண்ட் கொடுக்க ஒப்புக்கொண்டன. 2019 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் அந்த உடன்பாட்டை ஏற்றது. 1965 வரை பின்னோக்கிப் போய் நோயாளிகளையும் இறந்தவர்களின் குடும்பங்களையும் தேடிக் கொடுக்க ஓர் அறக்கட்டளை அமைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ராஜஸ்தான் அரசு தூசி நுரையீரல் நோய்க்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. கல் உடைக்கும் தொழிலாளிக்கு நோய் உறுதியானதும் மூன்று லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் இரண்டு லட்சம். தொகை போதாது. ஆனால் இன்னாருக்கு இந்த நோய் எங்கள் மண்ணில் வேலை செய்ததால் வந்தது என்று ஓர் அரசு கையெழுத்துப் போடுகிறது. 1930இல் நோயைப் பற்றிப் பேச உலகம் கூடிய ஊரில் தாமதமாகவேனும் கணக்குத் தீர்க்கும் வேலை தொடங்கியது. இந்தியாவில் அந்த நோய் முதலில் பதிவான ஊரில், 2001 பிப்ரவரி 28 அன்று, சுரங்கங்களை அப்போது நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, விருப்ப ஓய்வுத் தொகையைப் பற்றிய பேச்சுதான் பெரிதாக இருந்தது. ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள்.

தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய அரைத்த கல், சயனைடு மலை என்று ஊரார் சொல்லும் மேடுகளாக இன்றும் நிற்கிறது. மூன்று கோடி டன்னுக்கும் மேல். காற்றடிக்கும் மாதங்களில் அந்த வெண்தூசி லைன் வீடுகளுக்குள் வருகிறது, சோற்றில் விழுகிறது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, 1,003 ஏக்கரில் பரந்துள்ள 13 மேடுகளை மறுபடி கிளறி எஞ்சிய தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு ஊரில் இருக்கிறது. அதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கிளறப்போவது அதே சிலிக்காத் தூசியை. முதல் இயந்திரம் மேட்டின்மேல் ஏறுவதற்கு முன்னால், உயிரோடிருக்கும் பழைய தொழிலாளர்கள் ஒவ்வொருவருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுத்து, சிலிகோசிஸ் இருந்தால் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, ராஜஸ்தான் கொடுப்பதையாவது கர்நாடகம் கொடுக்க வேண்டும். மேடுகளைச் சுற்றியிருக்கும் லைன்களில் தூசியை ஆண்டு முழுவதும் அளந்து, அந்த அளவைத் தமிழிலும் கன்னடத்திலும் ஒட்டிவைக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருடைய நுரையீரலின் நிலையையும் சேரும் நாளிலேயே பதிந்து, அதன் பிரதியை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். இதற்கான கோரிக்கை மனு பெங்களூருக்குப் போகும்போது தமிழ்நாட்டிலிருந்து எத்தனை கட்சிகள், எத்தனை இயக்கங்கள், எத்தனை எழுத்தாளர்கள் அதில் கையெழுத்திடுகிறார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பேன்.